வெள்ளிக்கிழமை லீவு

— என் அட்வான்ஸ் முப்பதாயிரத்தக் குடுங்க வேதாச்சலம் சார். இன்னிக்கி வெள்ளிக்கிழமைதான். தெரிஞ்சுதான் கேக்குறேன்.

— அம்மாயி, வந்ததும் வராததுமா ஒரு பொண்ணு பேசுற பேச்சா இது? வெள்ளிக்கிழமை காசு கேக்கக் கூடாதுன்னு உனக்கு எத்தினி வாட்டி சொன்னேன்?

— நாலு வாட்டி. இது அஞ்சாவது வெள்ளிக்கிழமை.

— வேற நாள்ல வர்றது?

— எங்க செல்போன் கம்பெனில எனக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. மத்த நாள்ல விடியறதுக்குள்ள சத்தியவேடு போற கம்பெனி பஸ் ஏறுனா, இருட்டனப்புறம்தான் திருப்பதிக்கு வரேன். அப்பிடி ஒரு நாளு வந்தப்ப, வெளக்கு வெச்ச பொறவு காசு வெளிய போவாதுன்னீங்க.

— போவாது. பத்ததி, மொறன்னு ஒன்னு இருக்கு.

— வாடகைய மட்டும் வெள்ளிக்கிழமை வாங்கினீங்களே?

— அது உள்ள வர்ற லட்சுமி. வாணாம்னு சொல்ல முடியுமா?

— சரி, போன்ல அனுப்புங்க.

— போன்ல போனா அது லட்சுமி இல்லாமப் பூடுமா?

— என்னிய ஏன் சார் காலி பண்ணச் சொன்னீங்க?

— சொன்னேனே, எம் புள்ள சாய்குமார் பெங்களூர்லேர்ந்து வரான்னு.

— சாய்குமார் வரல. டு-லெட் போர்டுதான் வந்திச்சு. எங்க நைனா விஜயபுரத்துலேர்ந்து வந்தாரு, எந்தத் தெருன்னு கேட்டீங்க, காலனின்னு சொன்னாரு. மறுநாளே சாய்குமார் வரான்னீங்க.

— நான் அதெல்லாம் பாக்குறவன் இல்ல. உங்க நைனாவுக்கு காபி குடுத்தேனா இல்லியா?

— பேப்பர் கப்புல.

— அன்னிக்கி டம்ளர் கழுவல அம்மாயி.

— உங்க டம்ளர் மட்டும் கழுவி இருந்துச்சு. அத உடுங்க. என் தங்கச்சி கல்பனாவுக்கு இங்க காலேஜ்ல சீட்டு கெடச்சிருக்கு. திங்கக்கிழமை சேரணும். நான் பாத்து வெச்ச வீட்டுக்காரரு அட்வான்ஸ் இல்லாம சாவி தர மாட்டேன்றாரு. அஞ்சு வாரமா ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல எட்டு பேரு படுத்துக்கினு கீறோம். அவளயும் சேத்தா நிக்கத்தான் எடம்.

— பாவந்தான். அடுத்த வாரம் வா.

— எனக்கு அடுத்த வாரமும் வெள்ளிக்கிழமைதான்.

— அன்னிக்கி அமாவாசை வேற. அதுக்கு அடுத்த வாரம் வா.

— ஏங்க, நம்ம மாடிலேர்ந்து பருப்பு தாளிக்கிற வாசன வரல?

— பக்கத்து வீடா இருக்கும் ரத்னம்மா, நீ உள்ள போ. அம்மாயி, மாடி வீட்டுச் சாவி எங்க? ஞாயித்துக்கிழமை வாடகைக்கு ஆளு வருது. வெச்சுட்டுப் போ.

— நான் குடுத்தப்ப நீங்கதான வாங்கல? காலி பண்ணதும் ஒரு வெள்ளிக்கிழமை.

— வெள்ளிக்கிழமை ஒரு வீடு ஒட்டத் தொடச்ச மாதிரி காலியாவக் கூடாது. பத்ததி.

— அதான் ஒரு வெளக்கும் ஒரு படி அரிசியும் உள்ள வெக்கச் சொன்னீங்க. வெச்சேன். என் பூட்டப் போட்டுப் பூட்டிக்கினு போன்னீங்க. போனேன். மறுநாளு கூட வேல பாக்குற பொண்ணுகிட்ட சாவியக் குடுத்தனுப்புனேன். சனிக்கிழமை இரும்பு வாங்க மாட்டேன்னு திருப்பி அனுப்புனீங்க.

— வாங்கக் கூடாதுதான்.

— அப்ப அந்த வீடு இன்னும் காலியாவல.

— ஏய், டிகிரி படிச்சிட்டா இப்பிடித்தான் பேசுவியா? சாவிய இப்பிடிக் குடு.

— வெள்ளிக்கிழமை பொருள் வெளிய போவக் கூடாது சார்.

— அது என் வீட்டுக்கு!

— எனக்கும் அதான் வீடு. நான் வரேன்.

— போ, போ. ரெண்டு வாரம் கழிச்சு வா. ஏ அம்மாயி! அது மாடிப்படி. கேட்டு இந்தப் பக்கம்!

— தெரியும் சார். காலையிலயே கல்பனா பெட்டியோட வந்துட்டா. நீங்க வெக்கச் சொன்ன ஒரு படி அரிசியத்தான் வடிச்சிருக்கா, ஆறிப்பூடும். முப்பதாயிரம் கழியற வரைக்கும் வாடக கேட்டு மேல ஏறாதீங்க.