ஏழாம் எண் வீட்டின் வாசற்படி

என் பெயரும் அடையாள அட்டை எண்ணும் இத்தாளின் தலைப்பில் எழுதப்பட்டுள்ளன. எனக்கு வயது 43. அச்சகத்துக்கு மேலே உள்ள முதல் மாடி வீட்டில் கணவருடனும் ஒன்பது வயது மகளுடனும் குடியிருந்து வருகிறேன். பதினேழு ஆண்டுகளாகக் கட்டட வடிவமைப்பாளராகத் தொழில் செய்கிறேன். ஏழாம் எண் வீட்டின் வாசற்படியை உடைத்தது தொடர்பாக, அவ்வீட்டைக் கட்டிய காண்ட்ராக்டர் கொடுத்த புகாரின் பேரில், இன்று வியாழக்கிழமை காலை நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்வதாவது:

மேற்படி வீடு, சந்தைக்குப் பின்னால் பழைய கிடங்கு இருந்த இடத்தில் வீட்டுவசதிச் சங்கத்தார் ஒரே வரிசையாகக் கட்டிய பன்னிரண்டு வீடுகளில் ஒன்று. ஒவ்வொன்றும் பதினாறு அடி அகலம். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். கிடங்கை இடித்த செங்கலையே சுத்தம் செய்து சுவருக்குப் பயன்படுத்தினோம். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் ஒவ்வொரு வீட்டின் நடுவிலும் கூரையில் ஒரு திறப்பு விட்டு, மழைத் தண்ணீர் முழுவதும் வீடுகளுக்கு முன்னால் ஓடும் சந்துக்கு அடியில் உள்ள தொட்டிக்குப் போகும்படி வரைந்திருந்தேன். சந்திலிருந்து வீட்டுக்குள் படியே இல்லாமல் சமதளமாக நுழைய வேண்டும் என்பதும், வாசலுக்கு முன்னால் கம்பி மூடி போட்ட வடிகால் இருக்க வேண்டும் என்பதும் வரைபடத்தில் உள்ளன. அதன் நகலை ஒப்படைத்துள்ளேன்.

ஏழாம் எண் வீடு பேருந்தில் நடத்துநராக இருந்தவருக்கு ஒதுக்கப்பட்டது. எல்லோரும் அவரைக் கண்டக்டர் என்றே கூப்பிடுவதால் நானும் அப்படியே சொல்கிறேன். விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போனதிலிருந்து சக்கர நாற்காலியில் இருக்கிறார். மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறார். நாலு வருடமாக இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். அந்த நாலு வருடத்தில் பதினோரு முறை கீழே இறங்கியதாகவும், அதில் ஒன்பது முறை ஆஸ்பத்திரிக்கு என்றும் கண்டக்டர் என்னிடம் சொன்னார். மற்ற இரண்டு முறை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வரைபடம் முடிவாவதற்கு முன், வீட்டின் அளவை அப்படியே காலி இடத்தில் சுண்ணாம்புக் கோடாகப் போட்டு அவரை வந்து பார்க்கச் சொன்னேன். அது அவர் இறங்கிய பன்னிரண்டாவது முறை. குளியலறைக்குத் திரும்பும் இடத்தில் சக்கரம் கோட்டை அழித்தது. அவர் என்னைப் பார்த்து, "உள்ள எடம் இருக்கு, தள்ளிப் போங்கன்னு ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் விரட்டினவன் நான். இங்க எங்கம்மா தள்ளிப் போறது?" என்றார். அதன் பிறகு மாடிப்படிக்கு அடியிலிருந்து ஒன்பது அங்குலம் எடுத்துக் குளியலறைக்குக் கொடுத்தேன். அவர் மனைவி சமையலறைக் கோட்டுக்குள் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு, "இங்க நின்னா அவர் மூஞ்சி தெரியுது. இந்த எடத்துல சுவர் வேணாங்க" என்றார். அந்தச் சுவரை எடுத்துவிட்டேன்.

அதன் பிறகு கட்டட வேலை நடந்தது. கடைசி மாதத்தில் என் மகள் காய்ச்சலாக மருத்துவமனையில் இருந்ததால் பதினெட்டு நாள் நான் அங்கே போகவில்லை. அந்தச் சமயத்தில் காண்ட்ராக்டர் போனில் படங்கள் அனுப்பி, பணி நிறைவுத் தாளில் கையெழுத்து கேட்டார். மகளின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடி, நேரில் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். படங்கள் எல்லாமே வீட்டுக்குள் எடுத்தவை. வாசல் ஒன்றிலும் இல்லை. அதை நான் கவனிக்கவில்லை. இது என் தவறு.

கடந்த ஞாயிறு காலை பத்து மணிக்குக் கண்டக்டர் குடும்பம் குடிவந்தது. நானும் போயிருந்தேன். கண்டக்டர் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, யாரையும் தள்ள விடாமல், சந்து முனையிலிருந்து தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். வாசலுக்குக் குறுக்கே ஏழு அங்குல உயரத்துக்குக் கான்கிரீட்டில் ஒரு படி இருந்தது. நாற்காலி அதில் முட்டி நின்றது.  அவர் என்னிடம், "இருக்கட்டும்மா, பழகினதுதான்" என்றார். சாமான் இறக்க வந்த இரண்டு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். தூக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அங்கிருந்தே காண்ட்ராக்டருக்குப் போன் செய்தேன். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்துவிடும் என்று பயந்து பன்னிரண்டு வாசலுக்கும் படி வைத்ததாகச் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எடுத்துவிடச் சொன்னேன். "நீங்களே சரின்னு கையெழுத்துப் போட்டுட்டீங்களே மேடம். இனிமே சங்கத்துல தீர்மானம் போட்டாத்தான் நான் கை வைக்க முடியும். ரெண்டு மாசம் ஆகும்" என்றார். 

மறுநாள் திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, கடையில் ஒரு சம்மட்டியும் உளியும் வாங்கிக்கொண்டு போய், யாரிடமும் அனுமதி கேட்காமல் படியை உடைக்கத் தொடங்கினேன். பேனா பிடித்த கை என்பதால் முதல் அரை மணி நேரம் தூசிதான் பறந்தது. கண்டக்டர் மனைவி வெளியே வந்து பார்த்துவிட்டு, தைக்க வைத்திருந்த துணியில் இரண்டு துண்டு கிழித்து என் உள்ளங்கையில் சுற்றினார். "எதுக்குங்க உங்களுக்கு வீண் வம்பு?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே முடிச்சை இறுக்கிக் கட்டினார். ஒன்றரை மணிக்குள் படி முழுவதும் போய்விட்டது. இரண்டு மணிக்குக் காண்ட்ராக்டர் வந்து பார்த்துவிட்டு, நேராக இங்கே வந்து புகார் கொடுத்தார்.

நேற்று புதன்கிழமை பிற்பகல் ஒரு மணி நேரம் நல்ல மழை. அப்போது காண்ட்ராக்டர் குடையோடு வந்து ஏழாம் எண் வாசலில் நின்றார். நானும் அங்கே இருந்தேன். சந்தில் ஓடிய தண்ணீர் முழுவதும் கம்பி மூடி வழியாக வடிகாலுக்குள் இறங்கியது. மழை விட்ட பிறகு அவர் குனிந்து, வாசலுக்கு உட்பக்கம் தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். தரை காய்ந்திருந்தது. "மத்த பதினொண்ணையும் சங்கத்துல பேசி நானே எடுத்துடறேன் மேடம். ஆனா கேக்காம உடைச்சது தப்புதான். புகார் அப்படியே இருக்கட்டும்" என்றார். இருக்கட்டும் என்று நானும் சொன்னேன்.

இன்று இங்கே வந்த பிறகுதான், நேற்று மாலை கண்டக்டர் வாடகை வண்டி பிடித்து வந்து படியைத் தானே உடைத்ததாக எழுதிக் கொடுத்திருப்பதும், அவரைக் கூட்டிவந்த மனைவி, அவர் பொய் சொல்கிறார், உடைத்தது தான்தான் என்று தனியாக எழுதிக் கொடுத்திருப்பதும் தெரியவந்தது. "ஒரு படிய மூணு பேர் தனித்தனியா உடைச்சா நான் எந்தக் கேஸை எழுதறதும்மா?" என்று அதிகாரி கேட்டார். கண்டக்டர் மனைவி சம்மட்டியைத் தொடவே இல்லை.

கண்டக்டர் பற்றி நடந்தது இதுதான். கடைசியில் வாசல் நிலைக்கு வலப்பக்கம் ஒரு சாண் அளவு துண்டு மட்டும் மிச்சம் இருந்தபோது, அவர் உள்ளிருந்து உருட்டிக்கொண்டு வந்து, "ஒரு அடி நான் அடிக்கறேன், குடும்மா" என்று கை நீட்டினார். கொடுத்தேன். ஓங்கும்போது நாற்காலி பின்னால் ஓடாமல் இருக்க, அவர் மனைவி பின்னால் நின்று முழங்காலால் அண்டை கொடுத்தார். அந்த அடியில் துண்டு பெயர்ந்தது. இருவரும் வெகு நேரம் சிரித்தார்கள். எனவே அவர் ஒரு அடி அடித்தது உண்மை. ஆனால் சம்மட்டி என்னுடையது, கொடுத்த கையும் என்னுடையது என்பதால், அந்த அடியையும் என் பேரிலேயே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கூட்டியும் குறைத்தும் சொல்லாமல் நடந்ததை நடந்தபடியே சொல்லியிருக்கிறேன்.

(கையொப்பம்)
கட்டட வடிவமைப்பாளர்

எழுதிப் பதிந்தவர்: நிலைய எழுத்தர்