அரை மாத்திரை, கால் மாத்திரை

என் கையெழுத்து நன்றாக இருக்கும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எங்கள் வகுப்புக் கரும்பலகையில் தேதி எழுதுவது நான்தான். அதனால், டாக்டர், இதைப் படிக்க உங்களுக்குச் சிரமம் இருக்காது.

மத்தியானம் நீங்கள் வராண்டாவுக்கு வந்து எல்லாரையும் பார்த்துக் கேட்டீர்கள். "பையன் மாத்திரை, ஊசி, ஜிம் பவுடர்னு ஏதாவது எடுத்துக்கிட்டானா? ட்ரிப்ஸ் ஏறிக்கிட்டே இருக்கு, பிரஷர் மட்டும் ஏற மாட்டேங்குது. சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுங்க."

சகாயராஜின் அம்மா புஷ்பமேரி என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். "முகேசு, ஒனக்குத் தெரியாம அவன் பச்சத்தண்ணிகூடக் குடிக்க மாட்டானே. சொல்லுப்பா, ஏதாச்சும் எடுத்துக்கிட்டானா?"

"இல்லம்மா. அவன் ஒண்ணும் எடுத்துக்கல" என்றேன்.

அது பொய் இல்லை. அவனாக எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நீங்கள் கேட்டது அதை மட்டும் இல்லை என்று பிறகு தோன்றியது. வாயால் சொன்னால் முன்னே பின்னே ஆகிவிடும். பள்ளிக்கூடப் பை கூடவே இருந்தது. தாளை எடுத்துவிட்டேன்.

நானும் சகாயராஜும் அகரம் ஊர்க்காரர்கள். இரண்டு பேரும் பிளஸ் டூ, ஒரே பெஞ்சு. எங்கள் ஊர்க் கபடி அணி ஐம்பத்தைந்து கிலோ பிரிவில் ஆடுகிறது. மேட்ச் அன்று காலையில் எல்லாரையும் எடை மெஷினில் ஏற்றுவார்கள். நூறு கிராம் கூடினாலும் வெளியேதான். அவனும் ரெய்டர், நானும் ரெய்டர். அவன் ஆடுவான். நான் கோட்டுக்கு வெளியே அவன் சட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இரண்டு வருஷம் அப்படி உட்கார்ந்தேன். எனக்கு அவன்மேல் கோபம் எதுவும் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அவன் அம்மா விடியும் முன்பே மில் வேனில் ஏறிவிடுவார்கள். அதனால் அவனுக்குக் காலைச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். கேப்பைக் கூழ், மோர், வெஞ்சனத்துக்குச் சின்ன வெங்காயம். என் அம்மாவுக்கு மூட்டுவலி. "எந்திரிக்க முடியலடா, அவனுக்கு நீயே ஊத்திக் குடு" என்பார். நான் ஊற்றிக் கொடுப்பேன்.

அந்த மூட்டுவலிக்கு அம்மா போன வருஷம் ஒரு மாத்திரை சாப்பிட்டார். சின்ன வெள்ளை மாத்திரை. வலி நின்றது. கூடவே பசி வந்தது. மூன்று மாதத்தில் முகம் உருண்டையாகி, பழைய ஜாக்கெட் எதுவும் சேராமல் போனது. தெருவில் எல்லாரும் அம்மா தேறிவிட்டார் என்றார்கள். பெரிய டாக்டரிடம் காட்டிய பிறகுதான் அது தேறியது இல்லை, மாத்திரை செய்த வேலை என்று தெரிந்தது. தை பிறக்கும்போது அம்மா அதை விட்டிருந்தார். மிச்ச அட்டைகள் பீரோவில் கிடந்தன. மறுபடி வாங்குவதற்கு டாக்டர் எழுதிய பழைய சீட்டும் கிடந்தது.

தை மாதக் கடைசியில் சகாயராஜின் கூழில் அதைப் பொடித்துக் கலக்க ஆரம்பித்தேன். மோர் புளித்திருந்தால் ருசி தெரியாது.

மாசியில் அவன் இரண்டாவது சொம்பு கேட்டான். பங்குனியில் மெஷினில் ஏறினான், ஐம்பத்தேழரை. பாண்டியராஜ் அண்ணன்தான் எங்களுக்குக் கோச்.

"ஏலே, என்னலே இது? மூஞ்சி பூசணிக்காயாட்டம் வீங்கிக் கெடக்கு. வீட்ல என்னத்தத் திங்குற?"

"முகேசு வீட்டுக் கூழுண்ணே."

"அவனும் அதத்தான குடிக்கிறான். அவன் குச்சியாத்தான இருக்கான்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு அவன் என் சட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அண்ணன் அவனுக்குச் சோற்றையும் உப்பையும் நிறுத்தச் சொன்னார். அவன் வெயிலில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு தாடிக்கொம்பு ரோட்டில் ஓடினான். பகலெல்லாம் உப்பில்லாத வெள்ளரிக்காய். காலையில் கூழை மட்டும் விடவில்லை. "எதை வேணா நிப்பாட்டுறேன்டா. ஒங்க வீட்டுக் கூழ நிப்பாட்டுனா செத்துருவேன்" என்பான்.

சித்திரையில் சித்தையன்கோட்டை மேட்ச். கடைசி ரெய்டில் நான் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தேன். கப்பு எங்களுக்கு. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தது சகாயராஜ்தான். பாதியில் அவனுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் இறக்கிவிடவில்லை. "எம் மாப்ள, எம் மாப்ள" என்று கத்திக்கொண்டே ஓடினான். வைகாசியில் மாவட்ட அணிப் பட்டியல் வந்தது. அதில் என் பெயர் இருந்தது.

மறுநாள் நிறுத்தினேன். வெறும் கூழ்தான் கொடுத்தேன். இனி தேவையில்லை, அவனும் பழையபடி ஆகட்டும் என்றுதான். அது நல்ல காரியம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அவன் முகம் வடிந்தது. பசி போனது. காலையில் வாந்தி எடுத்தான். உட்கார்ந்து எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

"கண்ணு இருட்டிக்கிட்டு வருதுடா."

"கொழுப்பு கரையுதுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார் அண்ணன். மூன்று வாரத்தில் ஐம்பத்து நான்கு கிலோ. இந்தத் திங்கட்கிழமை அண்ணன் சொன்னார்: "வார ஞாயித்துக்கெழம சகாயம் எறங்கட்டும். முகேசு, நீ கொஞ்ச நாளைக்கு உக்காரு."

நேற்று அவனுக்குக் காய்ச்சல் வந்தது. இன்று காலை எங்கள் வாசலில் சொம்பு கையில் இருக்கும்போதே விழுந்தான். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

இதுவரை படித்துவிட்டு, சின்னப் பையன், விளைவு தெரியாமல் செய்துவிட்டான் என்று நினைப்பீர்கள். அப்படி நினைக்க வேண்டாம்.

அம்மாவை அந்தப் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனது நான்தான். அவர் ஒரு தாளில் சிறுநீரகம் இரண்டை வரைந்து, மேலே ஆளுக்கு ஒரு தொப்பி போட்டார். அந்தத் தொப்பிதான் சுரப்பி என்றார். "இந்த மாத்திரை என்ன செய்யுதோ அத இது தானா ஒடம்புல செஞ்சுக்கிட்டு இருக்கும்மா. வெளியில இருந்து தெனமும் வந்துச்சுன்னா, நமக்கென்ன வேலைன்னு படுத்துரும். படுக்கப் படுக்கச் சுருங்கிப்போகும். திடுதிப்புனு மாத்திரைய நிப்பாட்டிட்டா எந்திரிக்க அதுக்குத் தெம்பு இருக்காது. அந்த நேரத்துல ஒரு காய்ச்சல் வந்தாலும் ஆள் தாங்காது. அதனால கொஞ்சங்கொஞ்சமாத்தான் கொறைக்கணும்." பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, நீதான் பொறுப்பு" என்றார்.

நான் பொறுப்பாகத்தான் இருந்தேன். முழு மாத்திரை, அப்புறம் அரை, அப்புறம் கால். காலண்டரில் குறித்துவைத்து, பிளேடால் தூள் சிந்தாமல் நானே வெட்டிக் கொடுத்தேன். அம்மாவுக்கு ஒரு நாள்கூடத் தலை சுற்றவில்லை.

சகாயராஜ் சுவரைப் பிடித்து நின்ற முதல் நாளே எனக்கு அந்தப் படம் நினைவுக்கு வந்தது. மறுபடி ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்திருக்கலாம். மாத்திரை இருந்தது. இப்போதும் இந்தப் பையில், ஜாமெட்ரி பாக்ஸுக்குள் ஒரு அட்டை இருக்கிறது. ஆனால் மறுபடி கொடுத்தால் அவன் மறுபடி ஊதுவான், பாவம். கொடுக்காமல் விட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அவனால் எழுந்து நிற்க முடியாது. இரண்டும் எனக்குத் தெரியும். கொடுக்காமல் விட்டேன்.

நான் எழுத ஆரம்பித்தபோது ஜன்னலில் வெயில் இருந்தது. இப்போது டியூப் லைட் போட்டுவிட்டார்கள். நீங்கள் இரண்டு முறை என்னைக் கடந்து போனீர்கள். இரண்டாவது முறை ஓடினீர்கள். சிஸ்டர் ஒருவர் ஏதோ ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு உங்கள் பின்னால் ஓடினார். சகாயராஜின் அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பி, "என்னப்பா எழுதுற?" என்றார்கள்.

"ரெக்கார்டு நோட்டும்மா."

"எழுது, எழுது. அவனுக்கும் சேத்து எழுதி வையி. வந்து ஒன்கிட்டதான் கேப்பான்."

திரும்பப் பார்த்தால் கடைசிப் பக்கத்தில் வரி கோணலாகப் போயிருக்கிறது. இரண்டு இடத்தில் அடித்தலும் இருக்கிறது. ஒரு டாக்டரிடம் இப்படியே கொடுத்தால் நன்றாக இருக்காது. பையில் இன்னும் நாலு தாள் இருக்கிறது. முதலிலிருந்து அடித்தல் இல்லாமல் எழுதி எடுத்துக்கொண்டு வருகிறேன்.