கியாசுதீன் பாயின் ஆடு

வெண்டைக்காயை முற்றவிடக் கூடாது, ஏட்டையா. நுனியை ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். பக்கத்து வீட்டு கியாசுதீன் பாய் எப்போதும் இரண்டு நாள் தள்ளித்தான் பறிப்பார். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பாலக்கரையில் எங்கள் கொல்லைகளுக்கு நடுவே இடுப்பளவு வேலிதான்.

என் மாமனார் வெள்ளைச்சாமி லால்குடியில் நெல் விவசாயி. "டவுன் மாப்பிள்ளைக்கு மண்ணுல கை வைக்கத் தெரியுமா?" என்று நாலு பேர் முன்னால் சிரித்தார். ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடியில் நானும் விதை போட்டேன். கோரைப்புல்தான் முளைத்தது. அதனால் பாயின் வெண்டைக்காயில் ஒரு பை நிறையப் பறித்துக்கொண்டு லால்குடிக்கு ரயிலேறினேன். மாமனார் ஒன்றை ஒடித்துப் பார்த்துவிட்டு, "கைராசிக்காரருப்பா" என்றார். விஷயம் தெரிந்த என் மனைவி வள்ளிக்கண்ணு காட்டிக்கொடுக்கவில்லை. அவளுக்கும் அந்தப் பெருமை பிடித்திருந்தது.

ஐப்பசியில் புடலை, தையில் அவரை, மாசியில் கத்தரி என்று போய்க்கொண்டிருந்தது.

"காம்பைச் சீவி எடுத்திருக்கே, யாரா இருக்கும் தம்பி?" என்று பாய் என்னையே கேட்டார்.

அக்கம்பக்கத்து மனிதர்கள் மேல் பழிபோட எனக்கு மனசு வரவில்லை. அவருடைய ஆடு மோத்தியைச் சொன்னேன்.

"ஆட்டுப் பல்லு அவ்வளவு கூரா?"

"இளசு இல்லையா பாய்."

ஆதாரமில்லாமல் பேசுவது என் வழக்கமில்லை. மறுநாள் பாத்தியில் நாலு புழுக்கை பொறுக்கிப் போட்டேன்.

பாய் மோத்தியைக் கட்டிப்போட்டார். சித்திரையில் வெள்ளரிப்பிஞ்சு காணாமல் போனது. கட்டிப்போட்ட ஆடு எப்படித் தின்னும்? நியாயமான கேள்வி. ஆகவே கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஆடு. பாய் அழுதுகொண்டேதான் கறிக்கடைக்காரரைக் கூப்பிட்டார். ஆறுதல் சொல்லப் போனேன். சாப்பாட்டு நேரம்வரை இருக்கும்படி ஆகிவிட்டது. பிரியாணிக்கு அரிசி களைந்துகொண்டிருந்த பாயின் மனைவி ரோஷன் பேகம், "அடடா, புதினா வாங்க மறந்துட்டேனே" என்றார்.

பாவம், அலையவிட வேண்டாமென்று நானே கொல்லைக்குப் போய் ஒரு கொத்து பறித்துவந்து கொடுத்தேன். யாரும் வாங்கவில்லை. உடைந்த தொட்டிக்குப் பின்னால் பாய் புதினா வைத்திருப்பது அவர் மனைவிக்கே தெரியாதாம்.

காய்களையெல்லாம் எடுத்தது நான்தான், ஏட்டையா. மறைக்கவில்லை. ஆனால் ஆட்டை அறுக்கச் சொன்னது அவர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வாயில்லா ஜீவன், எனக்கு மனசு கேட்கவில்லை.