நாலு புள்ளி எடுத்த பெண்ணைத் தேர்ந்தெடுத்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் வடபகுதிக் கூடைப்பந்து மன்றத் தலைவர் அவர்களே, செயலாளர் சரவணன் அவர்களே, முன்வரிசையில் கணவர் தாவீது சாரின் படத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் மெர்சி அக்கா அவர்களே, ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி யூனிஃபார்மோடு நேராக இங்கே வந்திருக்கும் பெற்றோர்களே, என் சக உடற்கல்வி ஆசிரியர்களே, ஆட வந்த பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் குணசுந்தரி. பொன்னேரியில் ஓர் அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சர். எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் தாவீது சாரைச் சாது என்றீர்கள். அதிர்ந்து பேசாதவர் என்றீர்கள். வெளியே நீங்கள் கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸில் ‘கூடைப்பந்தின் தந்தையே’ என்று போட்டிருக்கிறீர்கள். எந்த தாவீது சாரைப் பற்றிப் பேசினீர்கள் ஐயா? நான் அறிந்த தாவீது சார் சாது இல்லை! முன்கோபக்காரர். என் டீம் பிள்ளைகள் முன்னாலேயே என்னைத் திட்டியிருக்கிறார். “இன்னாம்மா டீச்சர், பந்தைப் புடிக்கக் கத்துக் குடுத்தியா, பயப்படக் கத்துக் குடுத்தியா?” என்று கோர்ட்டுக்கு நடுவில் நின்று கேட்டவர் அவர். செத்துப்போன மனிதரைச் சாதுவாக்கிவிட்டால் நமக்கு வசதி. சாதுவுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அவர் செய்த வேலை என்ன? சென்னையில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். கவரைப்பேட்டைக் காலனியில் பிறந்து, கூடைப்பந்து ஆடியே படிப்பு முடித்து, அந்த நாற்காலிக்குப் போனவர். ஆண்டுதோறும் பள்ளி ஆட்டங்களுக்கு வந்து, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்குத் தேர்ந்தெடுப்பார். நாம் அவருக்காகச் சோபா போட்டு வைப்போம். உட்கார மாட்டார். கூடைக்குப் பின்னால் தரையில் போய் உட்காருவார். ஆட்டம் முடிகிற வரை யார் டீ கொடுத்தாலும் வாங்க மாட்டார். எத்தனை புள்ளி என்று ஸ்கோர் போர்டைத் திரும்பியும் பார்க்க மாட்டார்.

அப்படித்தான் ஒரு நாள் ரம்யாவைப் பார்த்தார்.

ரம்யா அப்போது என் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. கூடைக்குப் பக்கத்தில் நின்று ஆடும் ஃபார்வர்டு. ஒரே வருடத்தில் திடீரென்று வளர்ந்துவிட்ட பெண். தைத்துக் கொடுத்த டிராக் பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும். தன் காலே தன்னைத் தடுக்கி விழுவாள். அன்றைக்குக் கவரைப்பேட்டையில் அரையிறுதி. எதிர் டீமில் நம் செயலாளர் சரவணனின் அண்ணன் மகள். அந்தப் பெண்ணின் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அருமையாக ஆடினாள், புள்ளிகளை அள்ளினாள். என் ரம்யா எடுத்தது நாலே புள்ளி. கூடைக்கு நேர் கீழே நின்று போட்ட பந்தைக்கூடத் தவறவிட்டாள். கூட்டமே சிரித்தது. இங்கே இருக்கிற பலரும் சிரித்தீர்கள். எதிர் டீம் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடியது. ரம்யா என்ன செய்தாள்? சிரித்தவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. தலையில் கை வைக்கவில்லை. கோர்ட்டின் முழு நீளமும் ஓடி, எல்லோருக்கும் முன்னால் போய் எங்கள் பக்கக் கூடைக்குக் கீழே கைகளைத் தூக்கி நின்றாள். பந்து வந்தது. பறித்தாள்!

ஆட்டம் முடிந்ததும் தாவீது சார் என்னிடம் வந்தார்.

“அந்த நெட்டப் பொண்ணு யாரு?”

“ரம்யா சார். இன்னிக்கு நாலு புள்ளிதான் எடுத்தா.”

“புள்ளி கெடக்குதும்மா. ஷூட்டிங் நான் கத்துக் குடுப்பேன். அந்த மாதிரி ஓடறதை எவன் கத்துக் குடுப்பான்? இன்னும் வளருவா. ஒடம்பு எவ்ளோ நீளம்னு அவளுக்கே இன்னும் புரியல. ரெண்டு வருசம் குடு, அப்புறம் வந்து பாரு.”

நம் ஊரில் ஆடி முடித்தவர்களைத்தான் எல்லோருக்கும் அடையாளம் தெரியும். இனிமேல் ஆடப்போகிற ஒரு பெண்ணை அடையாளம் கண்டவர் அவர் ஒருவர்தான்.

பிறகு ரம்யாவின் வீட்டுக்குப் போனோம். கவனியுங்கள்: போனார் என்று சொல்லவில்லை, போனோம் என்கிறேன். “நான் வர்றப்பல்லாம் நீயும் கூட வரணும் டீச்சர். உனக்கு முடியலன்னா அன்னிக்கு நானும் வர மாட்டேன்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ரம்யாவின் அம்மா சின்னப்பொண்ணு அக்கா தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்ப்பவர். எங்களை வாசலிலேயே நிறுத்தினார்.

“இன்னா சார், வயசுப் பொண்ணை மெட்ராஸுக்கு இட்டுக்கினு போய் இன்னா பண்ணப் போறீங்கோ? ஆடிக்கினு கெடந்தா சோறு வருமா?”

வேறு ஆளாக இருந்தால் இந்தியா டீம், ரயில்வே வேலை என்று அடுக்கியிருப்பார். தாவீது சார் அடுக்கவில்லை.

“வேலை கெடைக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்மா. டிகிரி ஃப்ரீ, ஹாஸ்டல் ஃப்ரீ. நாளைக்கே கால் மடங்கிச்சுன்னா ஆட்டம் பூடும். டிகிரி பூடாது. அதுக்குத்தான் கேக்கறேன்.”

சின்னப்பொண்ணு அக்கா வாசலை விட்டு விலகி வழிவிட்டார். “உள்ள வாங்க” என்றார்.

இதுவரை நடந்ததைச் சொன்னால் உங்களில் பலர் தலையாட்டுவீர்கள். இனிமேல் சொல்லப்போவதற்கு ஆட்ட மாட்டீர்கள்.

அந்தக் கல்லூரியில் ஃபார்வர்டுக்கு அந்த வருடம் ஓர் இடம்தான். அதைத் தன் அண்ணன் மகளுக்குத் தர வேண்டும் என்று செயலாளர் சரவணன் அவரிடம் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. நன்றாக ஆடுகிற பெண்ணுக்காக யாரும் கேட்கலாம். தாவீது சார் மறுத்தார். “உம் பொண்ணு இப்பவே நல்லா ஆடறா, எந்தக் காலேஜும் எடுத்துக்கும். இந்தப் பொண்ணை நான் எடுக்கலன்னா ஒருத்தனும் எடுக்க மாட்டான்” என்றார். அப்படியே நடந்தது. செயலாளரின் அண்ணன் மகளுக்கு வேறொரு நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தது. விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டாமா?

முடியவில்லை! அடுத்து நடந்த மன்றக் கூட்டத்தில் சரவணன் எழுந்து கேட்டார்: “நாலு புள்ளி எடுத்த பொண்ணு ஊட்டுக்கு இந்தாளு எதுக்குத் திரும்பத் திரும்பப் போறான்? அங்க இன்னா பந்தா பொறுக்கறான்?”

கூட்டம் சிரித்தது. அங்கே பேச்சை நிறுத்தச் சொல்ல வேறு ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. நான் எழுந்தேன். “நானும்தான் கூடப் போனேன்” என்றேன். “அப்ப நீங்களும் உடந்தையா மேடம்?” என்று ஒரு குரல் வந்தது. அதற்கும் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு எங்கெங்கே போனது தெரியுமா? கம்பெனி பஸ்ஸுக்குப் போனது. சின்னப்பொண்ணு அக்கா என்னிடம் ஓடி வந்தார். “டீச்சர், பந்தும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். எம் பொண்ணு பேரு பஸ்ஸுல அடிபடுது” என்று அழுதார். ரம்யா பயிற்சிக்கு வருவது நின்றது. மெர்சி அக்கா போகிற ஜெபக்கூட்டத்துக்கு அது போனது. அங்கே பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். கடைசியில் கல்லூரிக்குப் போனது. விசாரணை முடியும் வரை வீராங்கனைகள் தேர்வில் தாவீது சார் தலையிடக் கூடாது என்றார்கள்.

ஆத்திரக்காரரான அந்த மனிதர் என்ன செய்தார்? செயலாளர் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போட்டாரா? எனக்கு அந்த ஆசை இருந்தது. அவர் போகவில்லை. ரம்யா வீட்டுத் தெருப்பக்கமும் அதற்குப் பிறகு அவர் போகவில்லை. அவர் போன இடம் வேறு.

சென்னையில் அவர் கல்லூரிக்கு ஜென்ம எதிரியான இன்னொரு கல்லூரி உண்டு. அதன் பயிற்சியாளர் விக்டோரியா மேடம். அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார். ஒரு ஃபவுல் விசிலுக்காகச் சண்டை போட்டு, இரண்டு பேரும் வருடக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவர்கள். அவருடைய கோர்ட்டுக்குப் போய் தாவீது சார் நின்றார். அங்கே நடந்ததை மேடமே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

“விக்டோரியா, நம்ம சண்டை அப்படியே இருக்கட்டும். ஒரு பொண்ணு இருக்கா. நீ வந்து பாரு.”

“உங்க பொண்ணை எனக்கு எதுக்கு சார் தர்றீங்க?”

“என்னால எடுக்க முடியல. அவ வீணாப் போயிடுவா. என்கிட்ட வராட்டி இன்னா, எங்கயாச்சும் ஆடணும்.”

ஒரு பயிற்சியாளருக்கு இதைவிடப் பெரிய வலி உண்டா? தேடி அலைந்து கண்டுபிடித்த ஆட்டக்காரியை, நாளை தன்னையே தோற்கடிக்கப்போகிற கையில் கொண்டுபோய் ஒப்படைக்கிறார்! விக்டோரியா மேடம் வந்தார், பார்த்தார். சின்னப்பொண்ணு அக்காவின் வீட்டில் உட்கார்ந்து, “என் பொறுப்பும்மா” என்றார். ரம்யா கல்லூரிக்குப் போனாள்.

விசாரணையில் நான் போய்ச் சாட்சி சொன்னேன். சின்னப்பொண்ணு அக்கா லீவு போட்டுவிட்டு வந்து, “அந்த மனுசன் எம் பொண்ணைப் பேரு சொல்லிக்கூடக் கூப்புட்டதில்ல, தாயேன்னுதான் கூப்புடுவாரு” என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்று கல்லூரி முடிவு செய்தது. செயலாளர் அவர்களே, அந்த முடிவு உங்கள் மன்றத்துக்கும் தெரிவிக்கப்பட்டது. எந்தக் கூட்டத்தில் அதைச் சொன்னீர்கள்?

ரம்யாவின் இரண்டாம் வருடம். கல்லூரிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டம். தாவீது சாரின் கல்லூரியும் ரம்யாவின் கல்லூரியும் மோதின. கடைசி நிமிடத்தில் கூடையின் பலகையில் பட்டுத் திரும்பிய பந்தை மூன்று பேருக்கு மேலே கை நீட்டிப் பிடித்து, அப்படியே கூடைக்குள் திருப்பிப் போட்டாள் ரம்யா. தாவீது சாரின் டீம் தோற்றது. அவர் எழுந்து நின்று கை தட்டினார். அவருடைய கல்லூரி முதல்வருக்குப் பக்கத்திலேயே நின்று தட்டினார்!

முதல்வர் கேட்டார்: “சார், நீங்க யார் பக்கம்?”

“அந்தப் பொண்ணு பக்கம் சார்.”

எதிராளிக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர் என்று அந்தக் கல்வியாண்டோடு அவரை அனுப்பிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பினார். யாரும் கூப்பிடாமலே பள்ளி ஆட்டங்களுக்குப் போய்க் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஒரு பிள்ளை கண்ணில் பட்டால் விக்டோரியா மேடத்துக்கு போன் செய்வார். சந்தோஷமாக இருந்தாரா என்று கேட்டால், இல்லை. ‘எம் பேரைக் கெடுத்துட்டானுங்க டீச்சர்’ என்பதை என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். போன மாதம் அப்படி ஓர் ஆட்டம் பார்த்துவிட்டுப் பஸ்ஸுக்கு நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

இப்போது நீங்கள் கூட்டம் போடுகிறீர்கள். மாலை போடுகிறீர்கள். அவர் பெயரில் ஆண்டுதோறும் கோப்பை என்று சற்று முன்பு சரவணன் இதே மேடையில் அறிவித்தார். கை தட்டினீர்கள்.

என்ன செயலாளர் சார்? சத்தமாகவே சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும். “இது அதுக்கான இடம் இல்ல மேடம்” என்கிறீர்கள். வேறு எது சார் இடம்? நீங்கள் அன்றைக்குப் பேசியது இதே மண்டபத்தில். இதே மேடையில். அவர் உயிரோடு, அதோ அந்தத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த அறிவிப்பைக் கேட்டதும் மெர்சி அக்கா என்னிடம் ஒன்று சொல்லி அனுப்பினார். “அவர் பேரு எங்க ஊட்டுது. அதைக் கோப்பைல போட நான் ஒத்துக்க மாட்டேன், முதல்ல அதைக் கழுவிக் குடுக்கச் சொல்லு” என்றார். அவர் சொன்னதை அப்படியே உங்கள் முன் வைக்கிறேன். அந்தப் பெயர் உங்களுக்குக் கிடையாது!

அவருடைய வேலை நிற்காது. விக்டோரியா மேடமும் நானும் பேசி முடித்துவிட்டோம். கும்மிடிப்பூண்டி முதல் பொன்னேரி வரை ஒரு பள்ளி விடாமல் போவோம். தடுக்கி விழுகிற பிள்ளைகளைப் பார்ப்போம். அவர்கள் வீட்டுக்கும் போவோம், ஒரு முறைக்குப் பத்து முறை போவோம். போவது எதற்கு என்று கேட்க நினைப்பவர்கள் எங்கள் முகத்துக்கு நேராக வந்து கேளுங்கள். பெற்றோர்களே, கேட்கிற உரிமை உங்களுக்கு முழுக்க உண்டு. சின்னப்பொண்ணு அக்கா எங்களை வாசலில் நிறுத்திக் கேட்டார், நாங்கள் பதில் சொன்னோம். சிரிப்பவர்களுக்கு மட்டும்தான் இனிப் பதில் இல்லை.

செயலாளர் அவர்களே, என் பேச்சு முடிந்தது. மைக் இங்கேயே இருக்கிறது. அன்றைக்கு நீங்கள் சொன்னது பொய் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். ரம்யா வந்திருக்கிறாள், அவள் அம்மா வந்திருக்கிறார், அன்றைக்குச் சிரித்தவர்களிலும் முக்கால்வாசிப் பேர் வந்திருக்கிறார்கள். நான் உட்காரப் போவதில்லை. மெர்சி அக்காவும் எழுந்துவிட்டார். நீங்கள் எழும் வரை நாங்கள் இப்படியே நிற்போம்.

பேசுங்கள்.