வலப்பக்கம் இருக்க வேண்டிய மலை

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, "விமானம் மலையைத் தப்பான பக்கமா சுத்துதுக்கா," என்றாள். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"எந்த விமானம்டி?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"கம்ப்யூட்டர் கேம்ல ஓட்டுற விமானம்க்கா. தம்பி துபாய்ல இருக்கான்ல, பௌர்ணமிக்கு வர முடியாது. அவனுக்காக கிரிவலம் ரூட்டு போட்டேன், எட்டு லிங்கத்து மேலயும் பறக்கும். அவன் விமானத்துக்கு ஏத்த ஃபைலா மாத்தினா வரிசை தலைகீழா ஆயிடுது. வலப்பக்கம் இருக்க வேண்டிய மலை இடப்பக்கம் வருது."

"கம்ப்யூட்டர்ல எந்தப் பக்கம் சுத்தினா என்ன? அனுப்பிடு."

"மாட்டேன். எத்தனை தடவை மாத்தினாலும் அப்படித்தான் வருது. ஒவ்வொரு லிங்கமா நானே கையால போடப்போறேன். நாளைக்கு பௌர்ணமி."

அக்கா விடாமல், "செருப்பு போட்டுக்கினுதானே ஓட்டப்போறான்?" என்றாள்.

"கால்ல மிதிக்கிற பெடல் வாங்கி வச்சிருக்கான்," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வெறுங்கால்லதான் மிதிக்கணும்னு சொல்லிட்டேன்."