கர்னலின் ஞாபகசக்தி

ஐயோ, அந்த நாற்காலி வேணாம் டாக்டரம்மா, அதுக்குக் கால் ஆடும். இதுல உக்காருங்க, ஃபேன் காத்து நேரா வரும். இல்ல இல்ல, எங்க வீட்டுக்காரரை இப்ப எழுப்ப முடியாது. இப்பத்தான் கண்ணசந்தாரு. இந்த மத்தியான வெயில்ல எழுப்பினா உங்களுக்கும் திட்டு, எனக்கும் திட்டு. அரைமணி பொறுங்க, தானா எந்திரிப்பாரு. கோர்ட்டு டாக்டருன்னதும் நரைச்ச தலையா ஒரு ஆம்பளை வருவாருன்னு நெனச்சேன். உங்களைப் பாத்தா காலேஜுக்குக் கெளம்பின பொண்ணு மாதிரி இருக்கு. கோவிச்சுக்காதீங்க, கெழவி அப்படித்தான் பேசுவேன்.

டெரெரே குடிப்பீங்கல்ல? புவெனஸ் ஐரிஸ்ல படிச்சவங்கல்லாம் அதைச் சூடா குடிக்கிறாங்களாமே. இந்த வெக்கையில சூட்டை உள்ள விட்டா மனுஷன் என்ன ஆகிறது. இந்தாங்க, டீ மாதிரி எலையோட புதினாவும் வேரும் இடிச்சுப் போட்டிருக்கேன். ஐஸ் தண்ணி.

கேளுங்க. என்னையும் கேக்கணும்னு தானே அனுப்பிருக்காங்க. எப்பத்திலேருந்து மறதியா? ரெண்டு வருஷம்னு எழுதிக்கோங்க. செருப்பைக் கொண்டுபோய் அடுப்புக்குள்ள வச்சாரு. சட்டையத் திருப்பிப் போட்டுக்கிட்டாரு. என்னை அம்மான்னு கூப்பிடறாரு. அப்புறம்... இன்னும் நாலு இருக்கு, வக்கீல் வரிசையாத்தான் சொன்னாரு. எனக்கே ஞாபகம் வரல பாருங்க.

தெரியும்மா. நீங்க மறதின்னு எழுதிட்டா வர்ற திங்கக்கிழமையோட கேஸு முடிஞ்சுது, அவரு சாகறவரைக்கும் அந்த வலைத்தூளியில ஆடிக்கிட்டுக் கெடக்கலாம். புத்தி நல்லாருக்குன்னு எழுதினா கூண்டுல ஏறணும். கேஸு போட்டது யாருன்னு பாத்தீங்களா? மிர்தா. என் தம்பி சிரிலோவோட மக. ஞானஸ்நானத்தப்ப இவருதான் அவளைக் கையில ஏந்திப் புடிச்சாரு. வெள்ளைக் கவுனு, தண்ணி பட்டதும் வீல்னு கத்தினா. இன்னைக்கு அவ ஞானத்தகப்பனை நிக்க வச்சுக் கேக்கறா, எங்கப்பனை எங்க பொதைச்சேன்னு. இருபத்தாறு வருஷமா அந்த ஒரு கேள்விதான் இந்தக் குடும்பத்துல.

குடிங்க, கோப்பைய வச்சுக்கிட்டே இருக்கீங்களே.

எப்படி ஆரம்பிச்சாருன்னா, சிரிப்பீங்க. தபாலாபீசுல. காஸப்பா ஊர்ல கடுதாசி பிரிக்கிற வேலை. எனக்கு அப்ப பதினெட்டு வயசு, அமைதியான பையன்னு சொல்லிக் கட்டி வச்சாங்க. அமைதிதான். கடுதாசியக் கையில தூக்கிப் பாத்தே எத்தனை பக்கம்னு சொல்லுவாரு. எந்த வீட்டுக்கு எந்த நாட்டுலேருந்து வருது, எந்த மாசம் நின்னுபோச்சு, எல்லாம் மண்டையில. நோட்டு கெடையாது, பென்சில் கெடையாது. ஒருநாள் பெரிய ஆபீசர் ஒருத்தர் ஊருக்கு வந்தாரு. இவரு போய் மெதுவா சொன்னாரு, பள்ளிக்கூட வாத்தியாருக்கு, ஆட்சிக்கு ஆகாதவங்க ஓடிப்போய் இருக்கிற மான்டிவிடியோலேருந்து கனமான கவர் வருதுன்னு. இவருக்கு எழுத்துக் கத்துக்குடுத்த வாத்தியாரு. மறுமாசம் தலைநகரம் அசுன்சியானுக்கு மாத்தல் வந்துது எங்களுக்கு. வாத்தியாருக்கும் வந்துது, வேற எடத்துக்கு.

அதுலேருந்து ஏணி மாதிரி ஏறினாரு. கர்னலாயி, உளவு இலாகாவுக்கே தலைவராயி, பத்தொம்பது வருஷம். நாட்டை ஆண்ட பெரியவரு பொறந்தநாளுக்கு ஊரே திரண்டு வாழ்த்துப் பாடப் போவுமில்ல, நீங்க சின்னப் புள்ளை, பாத்திருக்க மாட்டீங்க. எல்லாரும் பாட்டைக் கேப்பாங்க. இவரு மட்டும் வராதவங்களை எண்ணிக்கிட்டு நிப்பாரு. தெருவுக்கு நாலு ஆளு இவருக்குத் தகவல் சொல்ல. உள்ளங்கால்ல மயிர் மொளைச்சவங்கன்னு ஜனங்க சொல்லும், நடந்தா சத்தமே வராதுன்னு. நான் மார்க்கெட்டுக்குப் போனா கிழங்கு விக்கிறவ பேச்சை நிறுத்திடுவா. எனக்கு அப்பப் பெருமையாத்தான் இருந்துச்சு. மரியாதைன்னு நெனச்சேன்.

அடிக்கிறதா? அவரா? ஒரு அறை அறைஞ்சதில்ல யாரையும். கையில ரத்தம் படாத மனுஷன். அவரு வேலை செஞ்ச விதமே வேற. ஆளைக் கூட்டிக்கிட்டு வந்தா எதிர்ல உக்கார வச்சு டெரெரே ஊத்திக் குடுப்பாரு, இதோ நான் குடுக்கிற மாதிரி. கேள்வியே கேக்க மாட்டாரு. ஊத்துவாரு, குடுப்பாரு, வாங்குவாரு, மறுபடி ஊத்துவாரு. ஊத்துறவன் பேச வேணாம் பாருங்க. குடிக்கிறவனுக்குத்தான் அந்த அமைதி தாங்காது. அவனா எதையாவது பேச ஆரம்பிப்பான்.

போதும்னா கோப்பையத் திருப்பிக் குடுக்கறப்ப நன்றின்னு சொல்லுவோமில்ல நம்ம பக்கத்துல, அவரு ரூம்ல யாரும் அதைச் சொல்ல மாட்டாங்களாம். சொல்லிட்டா அவரு எந்திரிச்சிடுவாரு. அவரு எந்திரிச்சா அந்த ஆளு அடுத்த ரூமுக்குப் போவணும். அங்க டெரெரே கெடையாது. அதனால வயிறு பானையா வீங்கினாலும் குடிச்சுக்கிட்டே இருப்பாங்களாம். இதை எனக்கு வெளியாளு யாரும் சொல்லல. கறியும் கிழங்கும் தின்னுக்கிட்டு அவரே சொன்னாரு, சிரிச்சுக்கிட்டு. நானும் சிரிச்சேன் டாக்டரம்மா. அதை மறைச்சு என்ன பண்றது.

சிரிலோ வாத்தியார் வேலை பாத்தான். கிராமத்துல வெவசாயிங்களுக்கு எழுத்துக் கத்துக்குடுக்கறேன்னு ஒரு பாதிரியாரோட சேந்துக்கிட்டு என்னத்தையோ அச்சடிச்சிருக்கான். ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்தப்ப என்கிட்ட சொல்லிட்டான். எனக்குப் பயமாப் போச்சு. அன்னைக்கே அவர்கிட்ட சொன்னேன். ஏங்க, சிறுபுள்ளைத்தனமா எதையோ பண்றான், கூப்பிட்டு ரெண்டு மெரட்டு மெரட்டி விடுங்கன்னேன். சரின்னாரு. ஆபீசுக்கு வரச் சொல்லுன்னாரு.

ஆமா, நான்தான் சொன்னேன். பின்ன? மகளுக்கு ஞானத்தகப்பன். பெத்தவனும் ஞானத்தகப்பனும் ஒருத்தரு மேல ஒருத்தரு கை ஓங்கினா அதைவிடப் பாவம் உண்டா நம்ம ஜனத்துக்கு? ரத்த உறவுகூட அதுக்கு அப்புறந்தான். சிரிலோவும் அதுக்காகத்தானே இவரைத் தேடி வந்து ஞானத்தகப்பனா நிக்கச் சொன்னான். அவன் கொஞ்சம் தயங்கினான். அட போடா பயந்தாங்கொள்ளி, அவரு உன்னைக் கடிச்சா திங்கப் போறாருன்னு நான்தான் வெரட்டினேன். சட்டையத் தேய்ச்சுக் குடுத்தேன். சீப்பா ரொட்டி சுட்டுத் துணியில கட்டிக் குடுத்தேன், ரெண்டு பேரும் தின்னுங்கடான்னு.

தண்ணி வேணுமா? இருங்க, கொஞ்சம் ஐஸு போடறேன்.

சாயங்காலம் அவரு மட்டும் வந்தாரு. சிரிலோ அர்ஜென்டினா பக்கம் போயிட்டான், அதான் அவனுக்கு நல்லதுன்னாரு. நம்பினேன். ஒரு வருஷம் நம்பினேன். அப்புறம் நம்பற மாதிரி இருந்தேன். கேப்பேன். வேற எதையாவது பேசுவாரு, மழை வரும்போல இருக்கும்பாரு.

ஆட்சி கவுந்தப்பவா? அதைக் கேளுங்க, கூத்து. எவன் வீட்டுல எவன் தும்மினாலும் தெரியும் இவருக்கு. பீரங்கி வர்றது தெரியல. பல்லு வெளக்கிக்கிட்டு இருந்தாரு. நொரையோட வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, என்னடி சத்தம்னு என்னைக் கேக்கறாரு. என்னை! அப்புறம் பிரேசில்ல ஒன்பது வருஷம். எங்களைப் பாக்க ஒரு ஈ காக்கா வரல. பத்தொம்பது வருஷம் கையக் கட்டிக்கிட்டு நின்னவங்கள்ல ஒருத்தன் கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டைகூடப் போடல. தபால்காரன் வந்தா இவரு எட்டிப் பாத்துட்டு உள்ள போயிடுவாரு.

திரும்பி வந்தப்ப பழைய ஃபைலையெல்லாம் ஜனங்க பாக்கலாம்னு தொறந்து வச்சிருந்தாங்க. போனேன். முக்காடு போட்டுக்கிட்டுத்தான். சிரிலோ பேருல ஒரு தாளு இருந்துச்சு. காலை பத்து மணிக்கு வந்தார். ஒண்ணேகால் மணி வரை டெரெரே குடித்தார். அவ்வளவுதான். மூணேகால் மணி நேரம் குடிச்சிருக்கான்மா எந்தம்பி. அதுக்கு மேல அவனால முடியல போல. அதுக்கப்புறம் தாளு வெத்து. மேல ஒரு ஓரத்துல, தகவல் கொடுத்தவர்னு போட்டு ஒரு நம்பரு. நம்பர் யாருதுன்னு இன்னொரு புஸ்தகத்தைப் புரட்டிப் பாத்துச் சொன்னா அங்க வேலை செய்யிற பொண்ணு. எர்மெலிந்தா, மனைவி. என்னை நம்பர் போட்டு வச்சிருந்தாரு. அந்தப் பொண்ணு என் மூஞ்சியப் பாக்காம, அவங்களை உங்களுக்குத் தெரியுமா அம்மான்னு கேட்டா. தெரியாதுன்னேன்.

எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. அதுக்கப்புறமும் ஏன் கூட இருந்தேன்னு. எங்க போவேன் சொல்லுங்க? சிரிலோ எங்க இருக்கான்ங்கறது தாள்ல இல்ல. நோட்டு வச்சுக்காத மனுஷன், சொன்னேன்ல. அந்த ஒரு மண்டைக்குள்ளதான் இருக்கு. அப்ப அந்த மண்டைய நான்தானே பாத்துக்கணும்? மீனு குடுத்தேன். வால்நட்டு குடுத்தேன், அவருக்குப் புடிக்காது, பொடிச்சுக் கஞ்சியில போட்டேன். பிரஷர் மாத்திரை ஒருவேளை தப்பல. நீங்கல்லாம் ஆஸ்பத்திரியில ஒரு மூளைய அப்படிப் பாத்துக்க மாட்டீங்க. அக்கம்பக்கத்துல பொம்பளைங்க சொல்லுது, என்ன பதிபக்தின்னு. சொல்லிட்டுப் போவட்டும்.

அப்பத்தான் மிர்தா கேஸு போட்டா. வக்கீல் வந்தாரு. மறதின்னு சொன்னா தப்பிச்சுக்கலாம், ஆனா வீட்டுல இருக்கிற சம்சாரம் சொன்னாத்தான் டாக்டர் நம்புவாங்கன்னாரு. நாப்பத்தெட்டு... இல்ல, அம்பது வருஷக் கல்யாணத்துல அன்னைக்குத்தான் அவருக்கு என் வாயி தேவைப்பட்டுச்சு. சொல்றேன்னேன். செருப்பு, சட்டை, அம்மா, எல்லாத்தையும் சொல்றேன். மொதல்ல எடத்தைச் சொல்லுங்கன்னேன்.

முறைச்சாரு. மூணு நாள் பேசல. நானும் பேசல. சோறு போட்டேன், துணி தோச்சேன், பக்கத்துல உக்காந்தேன். திங்கக்கிழமை நெருங்க நெருங்க அவருக்குத்தான் பொறுக்கல. இவ எங்க போயி என்ன பண்ணிடப் போறான்னு நெனச்சிருப்பாரு. இந்தச் செவ்வாக்கிழமை சாப்பிட்டு முடிச்சு, காலண்டர் தாளைக் கிழிச்சு, பின்னாடி வரைஞ்சு குடுத்தாரு. அரேகுவா போற வழியில இலாகா குதிரை வளத்த பழைய பண்ணை. இடிஞ்ச லாயம். கெணறு. கெணத்துலேருந்து தெற்கால பதினோரு அடி. இந்தாங்க, இதான் அது, தேதிகூட அவரே போட்டிருக்காரு பாருங்க. பழக்கதோஷம்.

இதைப் புடிங்க, நீங்களே வச்சுக்கோங்க. எனக்கு இனிமே வேணாம். நேத்து மிர்தாகிட்ட காட்டினேன். ஜட்ஜு ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுப் போனா. இன்னைக்குக் காலையில எனக்குப் போன் பண்ணினா, நாலு வருஷமா என்கூடப் பேசாதவ. அத்தைன்னா. அப்பா கெடைச்சிட்டாருன்னா.

உள்ள இருமுறான் கேக்குதா, முழிச்சிட்டான். போங்க. உங்களை அம்மான்னு கூப்பிடுவான், இது எந்த வருஷம்னு கேட்டா தப்பாத்தான் சொல்லுவான். சிரிச்சுடாதீங்க. நீங்க எதை வேணா எழுதுங்க, படிச்சவங்க. ஆனா அவங்க டேப்பு புடிச்சுப் பாத்தாங்களாம் டாக்டரம்மா. பதினோரு அடிதானாம்.