பத்தாவது படிவம்

வரி அலுவலகக் காகிதக் கவுண்டரின் காவலரே, வரிசையில் வந்தவரை வாட விடாத வாஞ்சை மிக்கவரே, முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்களோடு இருந்தும் நாங்கள் சரியாக அறிந்துகொள்ளாத எங்கள் மூத்தவரே, வணக்கம்.

முதலில் ஒரு பிழையை ஒப்புக்கொள்கிறோம். உங்கள் பணி ஓய்வுக்கான இந்த விழாவின் அழைப்பை எல்லாருக்கும் மின்னஞ்சலில் அனுப்பினோம். கீழ்த்தளத்தில் உங்களுக்குக் கணினி கிடையாது என்பது ஒருவருக்கும் நினைவில்லை. நேற்று மாடிப்படியில் எதிர்ப்பட்ட தட்டச்சர் அக்கா சொல்லித்தான் உங்களுக்கே தெரிந்தது. "யாருக்குங்க பிரிவுபசார விழா?" என்று கேட்டீர்களாம். உங்களுக்குத்தான் என்று அக்கா சொல்ல வேண்டியிருந்தது.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் மின்வழித் தாக்கல் வந்தபோது நாங்கள் மேல்தளத்துக்குப் போனோம். வருமான வரிக் கணக்கைக் காகிதத்திலேயே கொடுக்க விரும்புவோருக்காக ஒரு கவுண்டர் கீழே மிஞ்சியது. அதில் நீங்கள் மிஞ்சினீர்கள். படிவத்தோடு வந்தவரிடமெல்லாம், கூட்டல் தப்பினால் கணினியே காட்டிக்கொடுத்துவிடும், ஒப்புகையும் உடனே கிடைத்துவிடும் என்று உள்ளதை உள்ளபடி சொல்லி, மாடிக்கு வழிகாட்டினீர்கள். ஒவ்வொருவரை அனுப்பும்போதும் உங்கள் எதிரே ஒரு முகம் குறைந்தது. தெரிந்தேதான் அனுப்பினீர்கள்.

ஒருவரை மட்டும் அனுப்பவில்லை. மனைவியை இழந்த கப்பல் சமையல்காரர் அவர். மகள் வீட்டிலேயே கணினி இருக்கிறதே என்று நீங்கள் எடுத்துச் சொன்னபோது அவர் சொன்ன பதிலை வாசல் காவலாளி எங்களிடம் சொன்னார். "அதுல போட்டா வேலை சுளுவா முடிஞ்சிரும் தம்பி. ஆனா அது என்னைப் பார்த்து, போன வருஷத்தைவிட இளைச்சுட்டீங்களேன்னு கேக்காதே." அன்றைக்கே உங்கள் அறையின் இன்னொரு நாற்காலியைத் தூக்கிக் கவுண்டருக்கு வெளியே போட்டீர்களாம்.

ஆண்டுக்குப் பத்துப் படிவமாவது வராவிட்டால் அந்தக் கவுண்டரை மூடிவிடலாம் என்பது மேலிடத்து உத்தரவு. இந்த ஆண்டு கடைசி நாள் மதியம் வரை வந்தவை ஒன்பது. பத்தாவதாக ஒரு தையற்கார அம்மா வந்தார். அவர் படிவத்தில் மூன்று இடங்களில் பிழை. அப்படியே வாங்கிக்கொண்டிருந்தால் கவுண்டர் பிழைத்திருக்கும். அந்த அம்மாதான் அதைச் சரிசெய்ய இரண்டு மாதம் அலைந்திருப்பார். நீங்களே அவரை மாடிக்கு அழைத்து வந்து, மின்வழியில் அனுப்பி முடியும்வரை பக்கத்தில் நின்றீர்கள். எங்களுக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை.

நாலரை மணிக்கு மறுபடி படியேறி வந்தீர்கள். கையில், நீல மையில் எழுதிய உங்கள் சொந்தப் படிவம். "என்ன சார், நீங்களே ஆன்லைனுக்குப் பயந்துட்டீங்களா?" என்று எங்களில் ஒருவர் சீண்டினார். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு, "நானே குடுத்து நானே வாங்கிக்கக் கூடாது. யாராவது கொஞ்சம் கீழ வந்து உட்காருறீங்களா?" என்றீர்கள். பதினோரு ஆண்டுகளில் நீங்கள் எங்களிடம் கேட்ட ஒரே உதவி அது.

எங்கள் ஆய்வாளர் அம்மா இறங்கி வந்து உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே ஒரு சுவர், நீண்ட நடைவழி, கடிகாரத்தின் சத்தம். இத்தனை ஆண்டுகளாக நீங்கள் பார்த்துக்கொண்டிருந்ததை எங்களில் ஒருவர் அன்றுதான் பார்த்தார். முத்திரையைக் குத்திவிட்டு, ஒப்புகைச் சீட்டைச் சும்மா நீட்ட மனம் வராமல், "வீட்டில எல்லாரும் சௌக்கியமா சார்?" என்றார்.

"நான் மட்டும்தான்மா. சௌக்கியம்" என்றீர்கள்.

முப்பத்து நான்கு ஆண்டுகளில் அன்றுதான் நாங்கள் அதைத் தெரிந்துகொண்டோம்.

ஐயா, பத்துப் படிவம் சேர்ந்துவிட்டதால் கவுண்டர் மூடப்படவில்லை. ஆய்வாளர் அம்மா அந்த இடத்தைத் தமக்கென்று கேட்டு வாங்கியிருக்கிறார். நோயின்றி, நெடுங்காலம், நிம்மதியாக நீங்கள் வாழ வேண்டும். அடுத்த ஆண்டுக் கணக்கைக் கணினியில் அனுப்ப உங்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் கையில் எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள். வெளியே போட்ட நாற்காலி அங்கேயே இருக்கும். இளைத்திருந்தால் கேட்போம்.

இப்படிக்கு,
இனி அடிக்கடி படியிறங்கப் போகும்
மேல்தளத்து ஊழியர்கள்